மூன்றாம் பாகத்து அரக்கன்

அரக்கனின் முகத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள் நவமணி. பச்சையும் சிவப்பும் குழைந்து வந்துவிட்டன. இடது புருவத்து மை மட்டும் போவேனா என்றது. அடியில் இருந்தது அவள் அண்ணன் தங்கராஜுவின் முகம். மதியம் நாடகத்துக்கு வேஷம் போட்டுக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சியில் சாய்ந்தவன்தான். முப்பத்தாறு வயது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் ஓடிவந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். புதைக்கும் குழிமேடு, தோட்டத்தைச் சுற்றிய கம்பி வேலிக்கு வெளியே; ஆறு மணிக்கு ஊரடங்கு. எமன் பொறுத்தாலும் பொறுப்பான், வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் பொறுக்காது.

கம்போங் குவாந்தான் பக்கத்துத் தோட்டங்களில் தங்கராஜுவுக்கு ஈடாக அரக்கன் வேஷம் கட்ட ஆளில்லை. இத்தனைக்கும் அவனுக்கு எழுத்து வாசனையே கிடையாது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அந்தோணிதாஸ் கப்பலில் வரவழைத்த மாயக்கதைப் புத்தகம், மூன்று தடித்த பாகம். வெட்டிய ரப்பர்ப் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும் நவமணி வாசிப்பாள். அவன் கண்ணை மூடிக் கேட்பான். மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல், அது லயத்து வீட்டு வரிசையின் வாசலில் நாடகமாகும். நவமணி புத்தகத்தோடு படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பாள். எடுத்துக்கொடுத்து என்ன, அவன் கேட்டால்தானே!

புத்தகத்து அரக்கன் ஓர் ஊரையே முள்வேலிக்குள் அடைத்துவைத்துச் சிரிப்பான், அவ்வளவுதான். தங்கராஜுவின் அரக்கனுக்குப் பல்வலி வரும். காவல் காத்தே தூக்கம் கெட்டு, அடைபட்ட ஊராரிடமே போய்த் தைலம் கேட்டு நிற்பான். சிறுசுகள் உருண்டு புரண்டு சிரிக்கும். பல்வலி எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு பார்ப்போம் என்று நவமணி அவனோடு மல்லுக்கு நிற்பாள். புத்தகத்தில் கடலும் காடும் அழகோ அழகு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை வாசித்தபோது அந்த அரக்கனை நினைத்து அவள் ஒருமுறைகூடப் பாவப்பட்டதில்லை. படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் கண்ணைத் துடைத்திருக்கிறாள். இதை அண்ணனிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது அதுதான் நெஞ்சை அறுத்தது.

நேற்றும் சண்டை. மூன்றாம் பாகத்துக் கடைசியில் இளவரசன் அரக்கனின் தலையை வெட்டுகிறான். வெட்ட விடமாட்டேன் என்றான் தங்கராஜு.

"வெட்டுனது போதும் தங்கச்சி. காட்டுல சுட்டவங்கள ஸ்டேசன் வாசல்ல கொண்டாந்து கெடத்துறானுங்களே, நீ பாக்கலயா? நான் வேற முடிவு வச்சிருக்கேன். கேளு."

"நீயே வச்சுக்க" என்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். காலையிலும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவி, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

சாவுக்கு வந்தவர்கள் அழுதார்கள். அழுகைக்கு நடுவே அவன் பல்வலியைச் சொல்லிச் சிரித்தும் விட்டார்கள். பிறகு எல்லோரும் அதையேதான் கேட்டார்கள், அரக்கன் கடைசியில் என்ன ஆவான் என்று. உன்னிடம் சொல்லாமலா இருந்திருப்பான் என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் இரண்டு தரம் கேட்டுவிட்டாள். நவமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான்கரைக்குப் பாடை வேலிக் கேட்டுக்கு வந்தது. ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக்கூடாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்குப் போய்விடுமாம். குழிமேட்டில் போட வேண்டிய வாய்க்கரிசியை அதனால் கேட்டுக்கு உள்பக்கமே போட்டுவிடுவது என்று ஆகிவிட்டது. சாத்திரம் கெட்டது என்று முதலில் குதித்தவளே நவமணிதான். இன்று அவளும் வரிசையில் நின்று போட்டாள். அண்ணன் வாய் நிறைந்துதான் இருந்தது.

காவலுக்கு நின்ற அர்ஜுனன் பாடையைத் தடவிப் பார்த்தாக வேண்டும். பார்த்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"அரக்கன் இன்னிக்கு செத்திருப்பானாக்கா?"

"தலைய வெட்டிருவாங்க" என்றார் கிராணி. "மூணாம் பாகம், கடைசி அத்தியாயம்."

எல்லோரும் நவமணியைப் பார்த்தார்கள்.

"இல்ல" என்றாள் அவள். "சாவல. அவனே எந்திரிச்சு வேலிக் கதவத் தொறந்துவிட்டுட்டு, அவன்பாட்டுக்கு நடந்து போயிட்டான். அண்ணன் அப்படித்தான் வச்சிருந்துச்சு."

பச்சைப் பொய். புத்தகத்தை விட்டு அவள் விலகியது அதுதான் முதல் தடவை.

சின்னத்தாய் மூக்கைச் சிந்தினாள். "யாருகிட்டயும் சொல்லிக்காமயா போயிட்டான்?"

"தங்கச்சிகிட்ட சொல்லிட்டுத்தான் போனான்" என்றாள் நவமணி. "அவ பக்கத்துல ஒக்காந்து, காது குடுத்துக் கேட்டா."

கிராணிக்கு மூன்று பாகமும் மனப்பாடம். அரக்கனுக்குத் தங்கை எந்தப் பாகத்திலும் கிடையாது. அவர் வாயைத் திறந்தார். நவமணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முன்னால் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்தார்.