எட்டு கலர், ஒரு கருப்பு

ஹாங்காங்கின் மோங்காக் வட்டாரத்தில், வளர்ப்பு மீன் விற்கும் தெருவில் இருக்கிற என் கடைக்கு லோக் சார் வந்தார். அவர் வீட்டு உப்புத்தண்ணீர்த் தொட்டி மைக்ரோவேவ் அடுப்பளவுதான், அதற்குள் பவளம் வளர்க்கிறார். பவளத்தைக் கடிக்காத மீன்களாகப் பார்த்து, கோமாளி மீன் ஒரு ஜோடியும், பாதி ஊதா பாதி மஞ்சளில் ஒரு குட்டி மீனும் எடுத்து வைத்தேன்.

“இதெல்லாம் பத்தாது. எட்டு கலர் மீன், ஒரு கருப்பு. வீட்டுக்கு வாஸ்து பாக்குற ஃபெங் சுயி மாஸ்டர் சொல்லிட்டாரு.”

“அந்தத் தொட்டியில மூணுக்கு மேல போட்டா தண்ணி கெட்டுச் செத்துடும், சார். கருப்பு வேற பெரிய ரவுடி. மத்ததைக் கடிச்சே கொன்னுடும்.”

“விக்கத் தெரியாம கடை வச்சிருக்கீங்களே, முதலாளியம்மா,” என்று சிரித்துவிட்டு, ஒன்பதையும் பக்கத்துக் கடையில் வாங்கிப் போனார். எனக்கு அப்போதே எரிந்தது.

அடுத்த வாரம் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். பக்கத்துக் கடையில் சரக்கு தீர்ந்துவிட்டதாம்.

“கருப்பு மட்டும் கொழுகொழுன்னு இருக்கு. கலர் எட்டும் போயிடுச்சு. எனக்கு வரவேண்டிய கண்டத்தை அதுங்க வாங்கிக்கிச்சு பாருங்க. மாஸ்டர் மாஸ்டர்தான். இன்னும் எட்டு குடுங்க.”

கையிலிருந்த வலையை வாளியில் வீசினேன்.

“உங்க கண்டத்தை அதுங்க வாங்கிக்கிச்சு, சரி. அதுங்களுக்கு வந்த கண்டமே நீங்கதானே, சார்.”