சுண்ணாம்பு பூசிய பந்து

தை அறுப்பு முடிந்த கழனியில் இன்னாசிமுத்து போட்ட பந்து மறுபடியும் தணிகைவேலின் நடுக்குச்சியைச் சாய்த்தது. குச்சி விழுந்த சத்தம் அடங்குவதற்குள், வரப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"பந்தப் பாத்து ஆடுப்பா!"

தணிகைவேலுக்கு மட்டையைக் கிணற்றில் வீசிவிடலாம் போலிருந்தது. வேறு எதைப் பார்த்து ஆடுகிறானாம்? வானத்தையா?

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த பாகூரின் கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்கு அரங்கநாதன்தான் தலைவன். தணிகைவேலின் மனைவி தனக்கொடிக்கு அண்ணன், கரும்புத் தோட்டக்காரன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் எல்லைக்குப் போய்க் கடலூர்க்காரர்களோடு ஆட வேண்டியிருந்தது. அவன் நிதானமாக வந்து தோளில் கை போட்டான்.

"மாப்ள, பந்து மட்டையில பட்ற வரைக்கும் கண்ண எடுக்கக் கூடாது. நான் அப்டித்தான் ஆடறேன்."

"நானும் எடுக்கலயே, மச்சான்."

"எடுக்கற. அதான் போவுது."

புதுச்சேரி டாக்டரிடம்கூடப் போய் வந்தாயிற்று. கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அவர் கைவிரித்துவிட்டார். உண்மையில், உற்றுப் பார்க்கப் பார்க்கத்தான் ஆட்டம் கெட்டது. இன்னாசிமுத்துவின் கையில் பந்து தெரிந்தது. கையை விட்டுக் கிளம்புவதும், பாதி வழி வருவதும் தெரிந்தது. அப்புறம் கிட்டே வந்ததும் ஒரு சிவப்புக் கோடு. அடுத்து குச்சி விழும் சத்தம். நடுவே பந்து எங்கே போனது?

வீட்டில் இதையெல்லாம் ஆற்றாமையோடு சொல்லி முடித்தான். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த தனக்கொடி நிமிர்ந்தாள்.

"பந்தப் பாத்து அடிக்க வேண்டியதுதானே?"

அவ்வளவுதான். அவள் கையிலிருந்த சுண்ணாம்புச் சிமிழைப் பிடுங்கிக்கொண்டு கழனிக்கு நடந்தான்.

பந்தில் ஒரு பாதிக்கு மட்டும் சுண்ணாம்பை அப்பினான். மறுபாதி சிவப்பாகவே இருந்தது. பந்தை இன்னாசிமுத்துவிடமும் மட்டையை அரங்கநாதனிடமும் கொடுத்தான்.

"மட்டையில பட்ற வரைக்கும் பாப்பேன்னியே மச்சான். எந்தப் பக்கம் பட்டுதுன்னு மட்டும் சொல்லு."

"இன்னாடா இது, கொழந்த வெளயாட்டு?" என்றபடி அரங்கநாதன் நின்றான். பந்து வந்தது, அடித்தான். "வெள்ளப் பக்கம்!" என்றான். மட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

பந்தின் சிவப்புப் பாதியைத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டார்கள். "செவப்பு!" என்றான். மட்டையின் நடுவில் வட்டமாகச் சுண்ணாம்பு. அதற்கடுத்தது சரியாக வந்தது. அதற்கும் அடுத்தது தவறியது.

"சுண்ணாம்பு சரியில்ல. மொதல்ல காயட்டும்," என்றான்.

வரப்பில் இருந்தவர்கள் வரிசையாக வந்து ஆடினார்கள். ஒருவராலும் விடாமல் சொல்ல முடியவில்லை. பக்கிரி, அடித்த பிறகு மட்டையை நைசாகப் பார்த்துவிட்டுச் சொல்லி மாட்டிக்கொண்டான்.

"ஆக, ஒருத்தனுக்கும் தெரியல," என்று தணிகைவேல் பல்லைக் கடித்தான். "என் உசுர மட்டும் ஏன்டா எடுத்தீங்க?"

கடைசிவரை பார்க்க முடியாதென்றால் பார்ப்பானேன்? மட்டையை வாங்கிக்கொண்டு தானே நின்றான். பந்து கையை விட்டு வரும் விதத்தை மட்டும் பார்த்தான். அது எங்கே குத்தும் என்று தோன்றியதோ, அந்த மண்ணுக்குக் கண்ணை முன்னாலேயே ஓட்டினான். முதல் பந்து விலாவில் பட்டது.

"அண்ணே, மெதுவா போடட்டா?" என்றான் இன்னாசிமுத்து.

"போடுறா, பேசாத!"

பந்தைத் துரத்தாமல் அது குத்தும் இடத்தில் கண் போய்க் காத்திருந்தபோது, எழும்பும் பந்துக்கு மட்டை தானாகப் போனது. மாலைக்குள் இன்னாசிமுத்துவுக்குக் கரும்புத் தோட்டத்தில் பந்து தேடியே அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடலூர்க்காரர்களின் வேகப் பந்து தணிகைவேலை ஒன்றும் செய்யவில்லை. எதிரே ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, அவன் மட்டும் நின்று அடித்தான். வெல்ல இன்னும் ஐந்தே ஓட்டம் வேண்டியிருந்தபோது, எதிர்முனையிலிருந்த அரங்கநாதன் பந்தைக் காலடியில் தட்டிவிட்டு, "வா மாப்ள, வா!" என்று கூவினான். தணிகைவேல் பாதி தூரம் ஓடி வந்ததும், "வராத, போ!" என்றான். திரும்புவதற்குள் குச்சியைத் தட்டிவிட்டார்கள். அடுத்து வந்த கடைசி ஆளான பக்கிரி தான் ஆடிய முதல் பந்திலேயே போனான்.

தோற்றுப் பாகூர் திரும்பும் மாட்டுவண்டியில் மச்சானும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டில் தனக்கொடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். தன் அண்ணனைப் பற்றிய இடம் வந்ததும் முகம் சுருங்கியது.

"அவரு கூப்ட்டா நீங்க ஏன் ஓடுனீங்க?"

தணிகைவேல் விலாவைத் தடவிக்கொண்டே, சோற்றைப் போடச் சொன்னான்.