பறக்கிற நேரம்

அறுபத்திரண்டு பவுண் ஐம்பது பென்ஸ். மகாலிங்கம் கொடுக்கவேண்டிய அந்தக் கடனை, லண்டன் ஈஸ்ட் ஹாமில் விமான டிக்கெட் கடை வைத்திருந்த ஸ்ரீஸ்கந்தராஜா ஒருவருக்கும் ஒளிக்கவில்லை. பக்கத்துக் கடைக்கு முருங்கைக்காய் வாங்க வந்தவர்களுக்கும் தெரியும்.

மகாலிங்கம் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். 2003 ஆவணியில் யாழ்ப்பாணத்தில் அவருடைய அக்காவின் மகளுக்குக் கல்யாணம். தாலி கட்டுவது பதினொன்றரைக்கு. விடியக் கொழும்பில் இறங்கினால் போய்ச் சேரலாமா என்று கேட்டார். ஸ்ரீஸ்கந்தராஜா சுவரிலிருந்த இலங்கைப் படத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்தார். லண்டனுக்கு வந்து இருபது வருஷமாகியும் மைல் அவருக்கு ஊர் ரோட்டோரக் கட்டைதான்.

"கொழும்பு இரத்மலானையிலயிருந்து யாழ்ப்பாணம் பலாலி இருநூறு கட்டை. பிளேனுக்கு ஒரு மணித்தியாலம். ஏழுக்கு ஏறினா எட்டுக்கு இறக்கம். ஆறுதலாக் குளிச்சு, சீப்பெடுத்துத் தலை இழுத்துக்கொண்டு போய் நிக்கலாம்."

ஆகாயத்தில் கட்டை நட்டவன் யாரென்று மகாலிங்கம் கேட்கவில்லை. டிக்கெட்டுக்குக் கையிலிருந்ததைக் கொடுத்தார், மிச்சம் வந்து தருவதாகச் சொல்லிப் போனார்.

இரத்மலானையில் ஐந்து மணிக்கே ஆமிச் சோதனை வரிசை. பெட்டியைத் திற, மூடு, பிறகும் திற. கல்யாணப் பொம்பிளைக்கு வாங்கிய மிக்சியைக் குண்டோ என்று மூன்று பேர் மாறி மாறிக் காதில் வைத்துக் கேட்டார்கள். பன்னிரண்டுக்கு ஏறிய பிளேன் சொன்ன சொல் தவறாமல் ஒரு மணித்தியாலம் பறந்தது. பிறகு வெளியே தெரியாமல் கண்ணாடி மூடிய ஆமி பஸ், பிறகும் பெட்டி திறப்பு. மண்டபத்துக்குள் நுழைந்தபோது மூன்றரை. மாப்பிள்ளை பகுதி போய்விட்டது. பாயாசக் கிடாரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். "இப்பதான் வாறியோ?" என்றாள் அக்கா.

லண்டன் திரும்பியதும் மிச்சக் காசைத் தரமாட்டேன் என்று கடையில் போய் நின்றார்.

"பிளேன் எவ்வளவு நேரம் பறந்தது?" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"ஒரு மணித்தியாலம்."

"பிறகென்ன? நான் வித்தது பறக்கிற நேரம். காத்திருந்தது உம்மட சொந்த நேரம்."

கார்த்திகையில் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்தது. சுவருக்குப் பெயின்ட் அடித்துக் கடனைக் கழிக்கும்படி ஸ்ரீஸ்கந்தராஜாவே பெரிய மனசு பண்ணினார். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்க, மகாலிங்கம் அதே அடிமட்டத்தை வாங்கிச் சுவரில் வைத்துப் பார்த்தார். நாலு மணித்தியாலம் என்றார்.

ஞாயிறு ஒன்பதுக்குத் தொடங்கினால் ஒன்றுக்கு முடியும். ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டு மணிக்குத் திறப்புவிழா என்று ஊரையெல்லாம் அழைத்துவிட்டார்.

மகாலிங்கம் ஒன்பதுக்கு வந்தார். அலுமாரிகளை இழுத்தார். பழைய பெயின்டைச் சுரண்டினார். ஓட்டைகளை அடைத்தார். தேத்தண்ணி குடித்தார். இரண்டு மணிக்குப் பட்டுச் சேலைகள் வந்து புழுதியில் நின்றபோது பெயின்ட் வாளியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார்.

"நாலு மணித்தியாலம் எண்டெல்லோ சொன்னீர்?"

"ஓம் அண்ணை. பிறஷ் சுவரில படுற நேரம் நாலு மணித்தியாலம்தான். சுரண்டுறதும் காயிறதும் உங்கட சொந்த நேரம்."

முதலில் சிரித்தது ஸ்ரீஸ்கந்தராஜாவின் மனைவி சிவனேஸ்வரி. வடைத் தட்டு கையில் ஆடியது. பிறகு வாசல் முழுக்கச் சிரிப்பு.

இனிப் பிறஷை எடுக்க என்ன வேண்டும் என்று ஸ்ரீஸ்கந்தராஜா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மகாலிங்கம் மேசையிலிருந்த கடன் கொப்பியைப் பார்த்தார். ஸ்ரீஸ்கந்தராஜா அதை விரித்து, அடிமட்டத்தை வைத்து, சுவரில் ஒரு பூச்சும் படுமுன்பே அறுபத்திரண்டு பவுண் ஐம்பது பென்ஸைக் கோடிழுத்து வெட்டினார். அதற்கு ஒரு நிமிஷமும் பிடிக்கவில்லை.