தங்கச்சி கண்ட பாதை

சித்தி மகளை ஆய்வுக் குழுவில் சேர்த்துவிட்டதே அக்காக்காரிதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் அவளுக்கு, முதலாண்டில் சேர்ந்த தங்கச்சி கணினி அறையில் பேச்சுத்துணை, அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தங்கச்சி வாண்டு.

விண்ணில் சுற்றும் கோளங்களின் பாதைகளைத் தேடுவதுதான் குழுவின் வேலை. ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் இரண்டு கோளங்கள் என்றால் பிரச்சினையே இல்லை, ஒழுங்காகக் குடித்தனம் நடத்தும். மூன்றாவது நுழைந்தால் எது எங்கே போகும் என்று சொல்லப் பொதுவான சூத்திரம் கிடையாது. மூன்றும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவரும் பாதைகளைக் கணினியில்தான் சல்லடை போட்டுத் தேட வேண்டும். அக்காக்காரி ஒரு வருடம் மாரடித்துச் சில பாதைகளைப் பிடித்திருந்தாள். மாணவர் மாநாட்டில் கல்லூரியின் சார்பில் பேச ஒருவருக்குத்தான் இடம். அது தனக்குத்தான் என்று நிம்மதியாக இருந்தாள்.

அப்போதுதான் வாண்டு ஒரு பாதையைப் பிடித்தாள். குழுவை நடத்தும், தலையாட்டலுக்கு மேல் யாரையும் பாராட்டாத பேராசிரியை எழுந்துவந்து, திரையில் மூக்கு முட்ட நின்று அதைப் பார்த்தார்.

"யார் பேசறதுன்னு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்றார்.

அக்காக்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டுக்குப் போனால் அம்மா வேறு, "நம்ம வாண்டுக்கு என்ன மூளை பாரேன்!" என்று எண்ணெய் ஊற்றினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக வாண்டின் புரோகிராமைத் திறந்து குற்றம் தேடினாள். கிடைத்தும்விட்டது. இரண்டு கோளங்கள் மிக நெருங்கினால் விசை எகிறிக் கணக்கே வெடித்துவிடும். அதற்காகத் தூரத்தோடு ஒரு சின்ன எண்ணைக் கூட்டிவைப்பது குழுவின் வழக்கம், அவளே ஆரம்பித்துவைத்தது. வாண்டு அதைத் தூக்கிவிட்டு, நெருங்கும் இடங்களில் நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கியிருந்தாள். அந்த எண்ணைத் திரும்பப் போட்டதும் வாண்டின் பாதை பல்லை இளித்தது. அக்காக்காரிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

மாட்டிவிடுவதென்றால் பக்காவாக மாட்டிவிட வேண்டும். எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் பாதைகள் நிற்கும் என்று காட்டிவிட்டால் முடிந்தது. எண்ணை எடுத்துவிட்டு, வாண்டைப் போலவே நேரத்தை நறுக்கி, தன்னுடையதை ஓட்டினாள். முதல் பாதையில் ஒரு கோளம் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்ததிலும் அப்படியே. ஒன்றுகூடத் தேறவில்லை.

வாண்டைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள்.

"அந்த எண்ணை ஏன்டி எடுத்தே?"

"அது இருந்தா ஈர்ப்பு விதியே மாறிடுதுக்கா. நெருங்குறப்ப இழுவை கொறஞ்சிடுது."

"என்னோடதை ஓட்டிப் பார்த்தியா?"

வாண்டு செருப்பைப் பார்த்தாள். "போன மாசமே பார்த்தேன்."

"மேடத்துக்கிட்ட சொன்னியா?"

"நான் ஏன்க்கா சொல்லணும்? நீயே கண்டுபிடிச்சுச் சொன்னா நல்லா இருக்கும்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த நல்ல மனசைத்தான் அக்காக்காரியால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் போய் நின்றார்கள். தன் பாதைகள் எல்லாமே பொய் என்று அக்காக்காரி சொல்லி முடித்தாள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை யாரு கண்டுபிடிச்சது?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அக்காக்காரி அதை விழுங்கினாள்.

"நான்தான் மேடம்."

"ஆமா மேடம், அக்காதான்" என்றாள் வாண்டு, யாரும் கேட்காமலே.

"தன் தப்பைத் தானே தோண்டி எடுக்கிறவங்க ரொம்பக் கம்மி" என்றார் பேராசிரியை. "நீயே பேசு. தங்கச்சியோட பாதையையும் சேர்த்துச் சொல்லு."

வெளியே வந்ததும் வாண்டு அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அந்த முகத்தில் துளியாவது பொறாமை தெரிகிறதா என்று அக்காக்காரி உற்றுப் பார்த்தாள். இல்லை. அதற்கும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.