ஒன்றரை மடங்கு

சிக்கனத்துக்காக எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டு ஆய்வுக்கூடச் சுவரில் நானேதான் ஆணியடித்து மாட்டினேன். இப்போது அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் வருகிறது.

எங்கள் ஆய்வு நிலையம் எத்தியோப்பியாவில், ஆர்சி மலைமேல் இருக்கிறது. நாலு பக்கமும் கோதுமை. நான் அங்கே பத்தொன்பது வருடமாக இலை அரைக்கிறவள். மருந்துப் புட்டிகள் அடிஸ் அபாபாவில் சுங்கத்தில் மாதக்கணக்கில் கிடந்து, பாதி கெட்ட பிறகுதான் எங்களிடம் வரும். ஆல்கஹால் எப்போதும் தட்டுப்பாடு. அதனால் எதையும் இழுத்துப் பிடித்துச் செலவு செய்யக் கற்றுக்கொண்டேன். பெட்டியோடு வரும் தாளில் இரண்டு தரம் கழுவு என்று போட்டிருந்தால் நான் ஒரு தரம்தான் கழுவுவேன். வேலை கச்சிதமாக வரும். மற்ற நிலையங்களிலிருந்து வந்து, "ஷம்சியா, எப்படிம்மா ஒரு பெட்டிய ஒன்றரை வருஷம் ஓட்டுறே?" என்று கேட்பார்கள். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா?

அந்த வருடம் தண்டுத் துரு என்ற காளான் நோய் வந்தது. பூக்கிற நேரத்தில் செம்பழுப்புப் பொடி காற்றில் வந்து இறங்கியது. பத்தே நாளில், நாங்கள் கொடுத்த புது ரகக் கோதுமை மலையடிவாரம் முழுக்கக் கருகிச் சாய்ந்தது. வயலுக்குள் நடந்தால் முழங்கால் வரை துருப்பொடி அப்பும். கதிரைக் கசக்கினால் உள்ளே ஒன்றுமில்லை. பெண்கள் வயல் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்கள். என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் அழுகையைவிடச் சுட்டது.

கபதோ என்ற விவசாயியின் வயலில் மட்டும், ஒரு களத்துமேடு அளவுக்குப் பச்சை நின்றது. புது ரகத்துக்கு நடுவே அவர் பிடிவாதமாக விதைத்திருந்த பழைய ஊதாக் கோதுமை. உயரமாக வளரும், மழைக்குச் சாயும், விளைச்சல் குறைவு, சந்தையில் யாரும் சீண்டமாட்டார்கள். ஆனால் துரு அதன்மேல் விழுந்து, மூன்றாம் நாள் சுருண்டு செத்தது.

எங்கள் நிலையத்து ஆராய்ச்சியாளர் கெனமோ அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். தெரிந்த எதிர்ப்பு மரபணு ஒவ்வொன்றாகத் தேடினான். ஒன்றும் இல்லை.

"அப்ப குட்டி ஆர்.என்.ஏ.வாத்தான் இருக்கும்க்கா" என்றான் என்னிடம். அதையே வயலில் நின்று கபதோவுக்கும் விளக்கினான். "செடிக்குள்ள துண்டுச் சீட்டு மாதிரி சின்னச் சின்னதா ஒண்ணு இருக்குண்ணே. காளான் உள்ள நுழைஞ்சதும், செடி இந்தச் சீட்ட அதுக்குள்ள அனுப்புது. 'அடுப்ப அணை, சமையலை நிறுத்து'ன்னு. காளான் பட்டினி கெடந்து செத்துப்போகுது. அப்படித்தான் நான் நெனைக்கிறேன்."

கபதோ சிரித்தார். "செடி சீட்டு எழுதுதா? எங்க வீட்ல எனக்கே எழுதத் தெரியாது, என் கோதுமை எழுதுதா?"

ஆனால் விதை தரமாட்டேன் என்றுவிட்டார். "எங்கப்பாவோட பார்லிய உங்காளுங்க ஒரு பை வாங்கிட்டுப் போனாங்க. பையும் வரல, பார்லியும் வரல. இலைய எடுத்துக்கங்க. விதை என் பானையில இருக்கும். இது தப்பிச்சது தெம்பாலயா, அதிர்ஷ்டத்தாலயா, அத மட்டும் சொல்லுங்க. தெம்புன்னா வயல் பூராவும் இதையே போடுறேன், கேக்குறவனுக்கெல்லாம் கொடுக்கிறேன். அதிர்ஷ்டம்னா நான் ஏன் ஏமாளியா இருக்கணும்? சங்கத்துல புது விதையும் உரமும் தர்றான்."

நியாயமான பேச்சு. அவருக்கு இருப்பதே ஒரு துண்டு நிலம்தான்.

இலைகளில் துருப்பொடியைத் தடவினோம். அரை நாள், ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று கெனமோ கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினான். பக்கத்துப் புது ரகத்திலும் அப்படியே வெட்டி, உறைய வைத்து எடுத்து வந்தோம். இருபத்துநாலு குழாய். அரைத்தால் ஒரே ஒரு தடவைக்குக் காணும், அவ்வளவுதான் இலை.

அரைக்கிற வேலை எனக்கு. கெனமோ செய்முறையைத் தன் கைப்பட எழுதி உறைபெட்டிக் கதவில் ஒட்டியிருந்தான். ஆல்கஹால் இலைச்சாற்றைப் போல் ஒன்றரை மடங்கு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தான். நான் எப்போதும் ஒரு மடங்குதான் ஊற்றுவேன். புட்டியைப் பார்த்தேன், கால்வாசி இருந்தது. வெளிநாட்டில் படித்த பிள்ளை, அங்கே குழாயைத் திறந்தால் ஆல்கஹால் கொட்டியிருக்கும், இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மடங்கு ஊற்றினேன். உள்ளே வடிகட்டி பொருத்திய குழாய்களில் விட்டு, இயந்திரத்தில் சுழல விட்டேன். வடிகட்டியில் ஒட்டியதைப் பத்திரப்படுத்தினேன். கீழே இறங்கிய தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். மிச்சம் பிடித்த ஆல்கஹாலைக் காட்டி அலுவலகத்தில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

குழாய்கள் வெளிநாட்டுக்குப் போயின. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மாதிரிகளின் தரம் அருமை என்று முதல் வரியிலேயே என்னைப் புகழ்ந்திருந்தார்கள். குட்டி ஆர்.என்.ஏ. எதிலும் பெயருக்குத்தான் இருக்கிறது, இரண்டு ரகத்துக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று முடித்திருந்தார்கள்.

கெனமோ அந்தத் தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கினான். "நான்தான் தப்பா நெனைச்சுட்டேன்க்கா" என்றான். விதைப்புக்குள் பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், யாரையாவது படித்துக் காட்டச் சொல்லிக் கபதோவுக்கு எழுதி அனுப்பினான். அதிர்ஷ்டம்தான் அண்ணே, தெம்பு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

ஜூலை மழையில், புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பேருக்குக் கெனமோ பாடம் நடத்திக்கொண்டிருந்தான். நான் பின்னால் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இங்க மட்டும் கைய இறுக்கிராதீங்க" என்றான். "பெரிய ஆர்.என்.ஏ. கொஞ்சம் ஆல்கஹால்லயே வடிகட்டியில ஒட்டிக்கும். குட்டிங்க ஒட்டாது. ஒன்றரை மடங்கு ஊத்தணும். குறைஞ்சா அத்தனையும் தண்ணியோட கீழ எறங்கிப் போயிரும்."

என் கையிலிருந்த குழாய் நழுவித் தொட்டியில் விழுந்து உடைந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் உடைத்த முதல் குழாய்.

புது ஆட்கள் இரண்டு பேரும் போகும்வரை காத்திருந்தேன். பிறகு கெனமோவிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கபதோவின் விதைப் பானை இன்னும் அங்கே இருக்கிறதே என்ற ஒரே நினைப்பு என்னைப் பேச வைத்தது.

"எவ்வளவு ஊத்துனீங்க?" என்று கேட்டான்.

"வழக்கம் போல. ஒரு மடங்கு."

"எழுதி ஒட்டியிருந்தேனேக்கா."

"பாத்தேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். தொட்டியின் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். "ரெண்டுலயுமே ஒண்ணும் இல்லைன்னு வந்தப்பவே நான் சந்தேகப்பட்டிருக்கணும். எந்தச் செடியிலயும் அப்படி இருக்காது. தோத்த வெறுப்புல யோசிக்காம விட்டுட்டேன்" என்றான். பிறகு, "வண்டிய எடுங்கக்கா. இன்னும் பானைய அவர் தொட்டிருக்க மாட்டாரு" என்றான்.

கபதோவின் வயல் முழுக்கச் சங்கத்து விதை முளைத்து விரலளவு நின்றது. பரவாயில்லை, பானைதான் வேண்டும். வண்டி சேற்றில் மாட்டியது. இறங்கி நடந்தோம், கடைசித் தூரம் ஓடினோம். வீட்டு வாசலிலேயே வெண்ணெய் வாசம் அடித்தது. உள்ளே பெண்கள் நிறைந்திருந்தார்கள். கபதோவின் மகள் ரூமியாவுக்கு முந்தாநாள் குழந்தை பிறந்திருந்தது.

"வாங்க டாக்டரே! இந்த மழையில என் பேத்தியப் பாக்க ஓடியா வந்தீங்க?" கபதோ வாயெல்லாம் பல்லாக வந்து கையைப் பிடித்தார். "உக்காரு தங்கச்சி. பிள்ளை பாக்க வந்தவங்க மர்கா சாப்பிடாம எந்திரிக்கக் கூடாது."

மரக்கிண்ணத்தை மடியில் வைத்தார்கள். கெட்டிக் களி, நடுவில் குழி, குழியில் உருகிய வெண்ணெய். களி வெள்ளையாக இல்லை. சாம்பலும் ஊதாவுமாக இருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கெனமோதான் கேட்டான். "அண்ணே, இது எந்தக் கோதுமை?"

"அடையாளம் தெரியலையா? நீங்கதானே அதிர்ஷ்டம்னு எழுதி அனுப்புனீங்க. அந்த அதிர்ஷ்டத்தத்தான் மகளுக்குக் கிண்டிக் கொடுத்திருக்கேன்." பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"மிச்சம் இருக்கா?" என்றேன்.

"பூராவும் அரைச்சாச்சு தங்கச்சி. பானையக் கழுவி வீட்டுக்காரி தண்ணி ஊத்தி வச்சிருக்கா."

ஊரில் வேறு யாரிடமாவது இருக்குமா என்று கெனமோ கேட்டான். "நான் ஒருத்தன்தானே கிறுக்கன், அதப் போட்டது" என்று கபதோ சொன்னார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அவர் பக்கத்தில் குனிந்து, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு நிஜமாகவே இருந்திருக்கலாம், அதைத் தொட்டியில் கொட்டியது நான்தான், அது தெம்பா அதிர்ஷ்டமா என்று இனி யாருக்கும் தெரியப் போவதில்லை என்று சொன்னேன். திட்டுவார், கிண்ணத்தைப் பிடுங்குவார் என்று எதிர்பார்த்தேன். பிடுங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். ரூமியா குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி, மறு கையால் களியை வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பசி அவளுக்கு.

"அவ காதுல விழ வேணாம்" என்றார். "வயிறாரச் சாப்பிடட்டும்."

பிறகு என் கிண்ணத்தைப் பார்த்தார். "நீயும் முடி. பிள்ளை பொறந்த வீட்ல மிச்சம் வைக்கக் கூடாது."

சாப்பிட்டேன். ஓரத்தில் ஒட்டியிருந்ததைக்கூட விரலால் வழித்தேன். என் கையில் எதுவும் வீணாவதில்லை என்றுதான் அந்தச் சான்றிதழில் எழுதியிருக்கிறது.