இழுக்காத முன்சக்கரம்

தங்கச்சிமடத்துக் கரையில் மீன் ஏற்றுவதற்கென்றே அனிட்டா ஜீப் வைத்திருந்தாள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சவேரியார் சித்தப்பாவின் காலில் திருக்கை முள் ஏறிய அன்று அது மணலில் புதைந்து நின்றுவிட்டது. முன்சக்கரத்தையும் இழுக்கவைக்கிற சுவிட்சைத் திருப்பினால் விளக்கு மினுக்கியதே தவிர, முன்சக்கரம் அசையவில்லை. வலியில் துடித்துக் கிடந்தவரை வலைக்காரர்கள் ரோடு வரைக்கும் தோளில் சுமந்தார்கள். ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் கறுத்துவிட்டது. சதையை வெட்டித்தான் எடுத்தார்கள்.

இதே கோளாறுக்காக ராமநாதபுரத்து ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை வண்டியை விட்டவள் அவள். இரண்டு தடவையும் சரியாகிவிட்டது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

மணலிலிருந்து இழுத்து எடுத்த வண்டியை நேரே அங்கே கொண்டுபோனாள். சூப்பர்வைசர் மீட்டரை வைத்துப் பார்த்தார். முன்சக்கரத்தைப் பூட்டிவிடுகிற மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட் வருகிறது, வயரிங்கில் குற்றமில்லை என்றார். மணலில் ஓட்டப் பொம்பளைகளுக்குக் கைப்பழக்கம் போதாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அனிட்டாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. வண்டியை வாசலை மறித்து நிறுத்திச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வயரா எங் கண்ணு முன்னால பாருங்க சார். அதுவரைக்கும் இங்கனதான் நிப்பேன்."

வேறு வழியில்லாமல் எலெக்ட்ரீஷியன் மாரிச்செல்வத்தைக் கூப்பிட்டார்கள். அவர் மோட்டாரில் மீட்டரை மாட்டிவிட்டு, அவளைச் சுவிட்சைத் திருப்பச் சொன்னார். மோட்டார் இழுக்க முயன்றதும் பன்னிரண்டு மூன்றாக விழுந்தது. கரண்ட் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய கறுப்புப் பூச்சின் மேலேயே, கரண்ட் திரும்பிப் போகிற எர்த் வயரை வைத்து போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். பூச்சைச் சுரண்டி, பளபளத்த இரும்பில் வயரை இறுக்கினார். சுவிட்சைப் போட்டதும் முன்சக்கரம் டக்கென்று பிடித்தது. விளக்கு நின்று எரிந்தது.

உப்புக்காற்று என்றால் அப்படித்தான் என்றார் சூப்பர்வைசர்.

அனிட்டா மாரிச்செல்வத்தைப் பார்த்தாள். "ஏண்ணே, அந்தப் பூச்சை அடிச்சது உப்புக்காத்தா?"

அவர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். பிறகு, "நம்ம பட்டறையிலதான் சார் அடிச்சது," என்றார்.

அடுத்த சர்வீஸை இலவசமாகவே செய்து தருவதாகச் சூப்பர்வைசர் இறங்கி வந்தார்.

"இனாம் யாருக்கு வேணும்? ஆஸ்பத்திரிக்கு வந்து எங்க சித்தப்பாட்ட இதச் சொல்லுங்க."

வேலை கிடக்கிறது என்று அவர் உள்ளே போய்விட்டார். மாரிச்செல்வம்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் வாரேன்த்தா," என்று முன்சீட்டில் ஏறினார். அவர் மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் வரவேண்டியவர் வரவில்லையே என்ற கொதிப்பு, ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும் அடங்கவில்லை.