அடியில் ஓட்டையில்லாத ஜாடி

ஒல்லாந்தர் கப்பலில் கடல்கடந்து பத்தாவியாவுக்குப் போகுமுன் குணசுந்தரி தன் அம்மா காசியம்மாளிடம் விட்டுப்போனது ஒரு கறிவேப்பிலைக் கன்று. பழவேற்காட்டுக் கோட்டைக்குள் ஒரு துரை வீட்டில் பிள்ளை பார்த்தவள் அவள். துரை ஊர் மாறியபோது அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். துரைசாணி கொடுத்த நீலப்பூ ஜாடியில் கன்றை நட்டு, "இது தழைச்சிருந்தா நான் நல்லா கீறேன்னு நெனைச்சிக்கோமா" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா போயிருக்கலாம்.

அன்றிலிருந்து காசியம்மாளுக்குக் கன்றுதான் மகள். உப்புக்காற்று படக்கூடாதென்று குடிசை மூலையில் வைத்தாள். அவள் இருந்த கோட்டைக்குப்பத்தில் நல்ல தண்ணீர் லேசில் கிடைக்காது. மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பவேண்டும். ராத்திரி தங்கினால் கரிக்கும் என்பார்கள். மண்ணில் கொட்டவும் மனசு வராது. அதனால் அந்தியில் மிஞ்சியதைக் குப்பத்துப் பெண்கள் கொண்டுவந்து, "குணாவுக்கு" என்று ஜாடியில் ஊற்றினார்கள். பகலெல்லாம் ஏரியில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடித்துவிட்டு வரும் காசியம்மாளும் தொண்டையை மட்டும் நனைத்துக்கொண்டு மீதியைக் கன்றுக்கு விட்டாள்.

இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கியது.

"தாகம்க்கா அதுக்கு," என்றாள் பக்கத்துக் குடிசைப் பொன்னியம்மாள். "அங்க அவளுக்கு தண்ணி குடுக்கறாங்களோ இன்னாவோ."

காசியம்மாள் உடனே குடத்தை எடுத்தாள். இன்னும் ஊற்றினாள். இன்னும் உதிர்ந்தது.

ஒருநாள் அலுப்பில் மூலையில் சாய்ந்து உட்கார்ந்தபோது தோள் இடித்து ஜாடி சரிந்தது. உள்ளே தண்ணீர் தளும்பியது. முகர்ந்து பார்த்தாள். இறால் தடவும்போது காலடியில் கிளம்பும் கறுப்புச் சேற்றின் அதே நாற்றம். அந்தச் சேற்றில் எதுவும் முளைக்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. ஜாடியின் அடியைத் தடவினாள். ஓட்டையே இல்லை. ஊற்றியதெல்லாம் உள்ளேயே நின்றிருக்கிறது.

"எல்லாருமா சேந்து அவளை முழுகடிச்சிட்டோம்" என்றாள்.

ஜாடிக்குக் குறுகிய கழுத்து, கன்றைப் பிடித்து இழுத்தால் இருக்கிற வேரும் அறுந்துவிடும். குழவிக்கல்லை எடுத்தாள். பொன்னியம்மாள் கையைப் பிடித்தாள்.

"அவ குடுத்துட்டுப் போன ஜாடிக்கா."

"தெரியும். கைய வுடு."

நீலப்பூ நாலு துண்டாயிற்று. அழுகிய வேர்களை மீன் அரியும் கத்தியால் நறுக்கினாள். இரண்டு மட்டும் வெள்ளையாக இருந்தன. ஊற்றடி மணலும் காட்டூர் வயல்மண்ணும் கலந்து, அடி பொத்தலான ஒரு பழம்பானையில் கன்றை நட்டு, வாசல் வெயிலில், உப்புக்காற்று படாமல் ஓலைத்தட்டி மறைவில் வைத்தாள்.

பிறகு ஊற்றாமல் இருக்கவேண்டும். அதுதான் பெரும்பாடு. அந்தியானால் கை தானாகக் குடத்துக்குப் போயிற்று. பெற்ற பிள்ளையைத் தாகத்தோடு படுக்கவைப்பதுபோல் இருந்தது. சில நாள் அழுதுவிட்டாள்.

ஓர் அந்தியில் பொன்னியம்மாள் பழக்கத்தில் கொட்டாங்கச்சியோடு வந்து நின்றாள்.

"குணாவுக்கு."

காசியம்மாள் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம் ஒட்டியது. தண்டு இன்னும் பச்சையாகத்தான் இருந்தது.

"அவளுக்கு போதும்."

"அப்ப இத இன்னா செய்ய?"

காசியம்மாள் கொட்டாங்கச்சியை வாங்கி, சொட்டு விடாமல் குடித்தாள். மகள் போனதிலிருந்து அவள் தாகம் தீரக் குடித்ததே இல்லை.

"இன்னும் இருந்தா கொண்டா" என்றாள்.